அலையாத்திக் காட்டில் ஒரு பகல்

அந்தப் படகில் நான்கு பேர் இருந்தோம். என் தம்பி முருகேசன், அவன் மனைவி கலா, துடுப்புப் போட்ட மாரிமுத்து, நான். என் கணவர் மஸ்கட்டில் இறந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அது தம்பிக்குத் தெரியும். கலாவுக்குத் தெரியும். பாதி வழியில் மாரிமுத்துவுக்கும் தெரிந்துவிட்டது. எனக்கு மட்டும் தெரியாது.

நான் தலை நிறைய மல்லிகைப் பூ வைத்துக்கொண்டு, சேற்றில் பக்கவாட்டில் ஓடிய ஒரு நண்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் தொடரில் என் தையல் கடையைப் பற்றி எழுதியாகிவிட்டது. இலுப்பூர் கடைத்தெருவைப் பற்றி எழுதியாகிவிட்டது. ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, அப்புறம் இறுக்கமாக இருக்கிறது என்று சண்டைக்கு வரும் பெண்களைப் பற்றிக்கூட எழுதியாகிவிட்டது. “ஒங்க வீட்டுக்காரரப் பத்தி ஒரு வாரம்கூட எழுதலையே, ஏன்?” என்று ஒரு வாசகி கடைக்கே வந்து கேட்டார். எழுதினால் அந்தப் படகில்தான் ஆரம்பிக்க வேண்டும். அதனால்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

டவர் இல்லாத இடம்

அவருடைய தம்பியும், அதாவது என் கொழுந்தனும், மஸ்கட்டில்தான் வேலை பார்க்கிறார். ஒருநாள் அவர் போன் செய்தார்.

“அண்ணன் உள்ள பாலைவனத்துல புது சைட்டுக்குப் போயிருக்கு அண்ணி. அங்கிட்டு டவர் கெடையாது. போன் வரலேன்னு பயந்துக்காதீங்க.”

நம்பினேன். நம்பாமல் இருக்க ஒரு காரணமும் இல்லை. இதற்கு முன்பும் என் கணவர் அப்படிப் போயிருக்கிறார். ஒருமுறை பத்து நாளுக்கு மேல் பேச்சே இல்லாமல் இருந்து, பிறகு கூப்பிட்டு, “என்ன, நிம்மதியா இருந்தியா?” என்று கேட்ட மனிதர்.

வளைகுடாவில் ஆளை வைத்திருக்கும் வீடுகளில் கணவர் என்பது பெரும்பாலும் ஒரு போன்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாதம் வருவார். முதல் வாரம் விருந்தாளி. கடைசி வாரம் பெட்டி கட்டுகிற அவசரம். நடுவில் உள்ள நாட்களில்தான் நாங்கள் புருஷன் பெண்டாட்டியாகச் சண்டை போட்டுக்கொள்வோம். அந்தச் சண்டைக்காகவே நான் காத்திருப்பேன் என்று அவரிடம் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

அந்த நேரத்தில்தான் தம்பி வாடகைக் காரோடு வந்து நின்றான்.

“அக்கா, கடைய ஒருநாள் பூட்டு. கடல் பக்கம் போயிட்டு வருவோம். படகுல காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போய்க் காட்டுறாங்களாம்.”

என் தம்பி என்னைப் பக்கத்தில் இருக்கும் விராலிமலைக் கோயிலுக்குக்கூடக் கூட்டிப்போனதில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி புதுச்சேலையை எடுத்துக் கட்டினேன்.

அறந்தாங்கியில் கலா காரை நிறுத்தச் சொன்னாள். இறங்கிப் போய் இவ்வளவு நீளத்துக்கு மல்லிகை வாங்கி வந்தாள். அவள் ஒரு கண்ணிகூட வைத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் என் தலையிலேயே வைத்தாள்.

“எனக்கெதுக்குடி இம்புட்டு? கல்யாணப் பொண்ணா நான்?”

“இருக்கட்டும் அண்ணி. வெச்சுக்கங்க.”

ஹேர்பின்னை இரண்டு தடவை கீழே தவறவிட்டாள். காலையில் சாப்பிடாமல் வந்துவிட்டாள் போல என்று நினைத்தேன்.

உப்பு இலை

கோட்டைப்பட்டினம் தாண்டி, மீனவர் ஊர் ஒன்றில் ஆறு கடலில் சேரும் இடம். எங்கள் பக்கம் ஆறு என்றால் மணலும் சீமைக்கருவேலமும்தான். பாலத்தில் பஸ் போகும்போது, கீழே ஆறு என்று சொன்னால்தான் தெரியும். இங்கே கரை முட்டத் தண்ணீர் நின்றது. இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு. வானம் மூடிக் கிடந்தது. சேற்றிலிருந்து அழுகின முட்டை வாடை வந்தது. சிறிது நேரத்தில் அது பழகிவிட்டது.

மாரிமுத்து காலையில் கடலுக்குப் போய்விட்டு வந்து, பகலில் வருகிறவர்களுக்குப் படகு ஓட்டுகிறவர். நாற்பதுக்கு மேல் இருக்கும். எங்களுக்கு ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் கொடுத்தார். என் ஜாக்கெட்டின் தோள்பட்டைத் தையல் பிரிந்திருந்தது. “இத நம்பியா எறங்கச் சொல்றீங்க?” என்றேன்.

“கவலப்படாதீங்க மேடம். நெறைய எடத்துல இடுப்பளவுதான் தண்ணி. விழுந்தா எந்திரிச்சு நின்னா போதும்.”

ஆள் பேச்சுக்காரர். ஆழமான இடத்தில் துடுப்பு, ஆழம் குறைந்த இடத்தில் நீளக் கழி. கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டே, பார்த்ததற்கெல்லாம் விளக்கம் சொன்னார். சேற்றுக்கு மேல் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருந்தவற்றைக் காட்டி, “அது குச்சி இல்லீங்க மேடம், வேரு. சேத்துக்குள்ள காத்து இல்லாததால மேல வந்து மூச்சு வாங்குது” என்றார். ஒரு கிளையை வளைத்து, “இந்த எலையப் பின்பக்கம் நக்கிப் பாருங்க” என்றார்.

நக்கினேன். உப்புக் கரித்தது.

“மரம் உப்புத் தண்ணியத்தான் குடிக்குது. வேண்டாத உப்ப எலை வழியா வெளிய தள்ளிரும்.”

கலாவிடம் ஒரு இலையை நீட்டினேன். வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“சார் வரலீங்களா மேடம்?” என்று கேட்டார் மாரிமுத்து.

“அவரு மஸ்கட்ல. தை மாசம் வருவாரு. வந்தோன்ன ஒங்க படகுலதான் கூட்டிட்டு வாரேன். அவருக்கு நீச்சல் தெரியாது. நல்லா பயமுறுத்துங்க.”

கலா குனிந்து ஆற்றுத் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். தம்பி எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்றைக்கும் என்னால் தாங்க முடியாதது எதுவென்றால், அன்று நான் சந்தோஷமாக இருந்தேன். சும்மா ஒப்புக்கு இல்லை. பல வருடம் கழித்து, எந்தப் பிளவுஸையும் பற்றி நினைக்காமல், உண்மையாகவே சந்தோஷமாக இருந்தேன்.

எங்கள் பக்கம் யாரும் போனில் சாவதில்லை

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எங்கள் பக்கம் சாவுச் செய்தியை யாரும் நேராகச் சொல்ல மாட்டார்கள். “கொஞ்சம் முடியல, கெளம்பி வாங்க” என்பார்கள். கேட்கிறவர், “சீரியஸா, ரொம்ப சீரியஸா?” என்று கேட்பார். “ரொம்ப சீரியஸ்” என்றால் முடிந்துவிட்டது என்று அர்த்தம். உடனே மாலைக்குச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்கள். ஆனாலும் அந்த வார்த்தையை வாயால் சொல்ல மாட்டார்கள்.

என் அப்பா இறந்தபோது நான் கல்யாணமாகிப் போன புதுசு. “அப்பாவுக்கு லேசா மயக்கம், பாத்துட்டு வருவோம்” என்று கூட்டிப்போனார்கள். பஸ்ஸில் நான் ஆப்பிளை மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் என் மாமியார் உட்கார்ந்து, ஆப்பிள் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தார். தெருமுனையில் பறைச்சத்தம் கேட்டது. அந்த ஆப்பிளை நான் எங்கே போட்டேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை.

வெளிநாட்டுச் சாவு என்றால் இன்னும் மோசம். பேப்பர் வேலை முடிந்து உடல் வந்து சேர நாள் பிடிக்கும். அதுவரை பெண்டாட்டிக்குச் சொல்ல மாட்டார்கள். சாப்பிட மாட்டாள், தூங்க மாட்டாள், எதையாவது செய்துகொள்வாள் என்று பயம். ஊரே சேர்ந்து வாயைக் கட்டிக்கொள்ளும். என் கடைக்கு எதிரில் இருக்கும் டீக்கடைக்காரருக்குத் தெரியும். என்னிடம் துணி தைக்கக் கொடுத்துவிட்டுப் போனவர்களுக்குத் தெரியும். அந்த வாரம் யாருமே என்னிடம் ஜாக்கெட் இறுக்கம் என்று சண்டை போடவில்லை. நம் தையல் மெருகேறிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

படகில் போன அன்று ராத்திரி உடல் திருச்சிக்கு வருகிறது. விடிவதற்குள் வீட்டுக்கு வந்துவிடும். பந்தல் போட வேண்டும், சொந்தக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும், வீட்டை ஒதுங்க வைக்க வேண்டும். இதெல்லாம் நடக்கும்போது நான் அங்கே இருக்கக்கூடாது. அதற்காகத்தான் அந்தப் படகு.

தங்கச்சி

காட்டுக்கு நடுவில் ஒரு மேடை கட்டி வைத்திருக்கிறார்கள். அதில் ஏறி நின்றால் சுற்றிலும் பார்க்கலாம். அங்கே மட்டும்தான் டவர் கிடைக்கும் என்று மாரிமுத்து சொன்னதும் தம்பி ஏறினான். நானும் கலாவும் படகிலேயே இருந்தோம். கீழேயிருந்து பார்த்தேன். ஒரு கையில் போன், ஒரு கையைத் தலையில் வைத்துக்கொண்டு பேசினான். இறங்கி வந்ததும் மாரிமுத்துவைத் தனியாக அழைத்துப் போனான். இன்னும் கொஞ்ச நேரம் சுற்றுவதற்கு ரேட் பேசுகிறான் என்று நினைத்தேன்.

திரும்பி வந்த மாரிமுத்து வேறு ஆளாக இருந்தார். மரம், வேர், பறவை எதைப் பற்றியும் பேசவில்லை. ஒரு வெள்ளைக் கொக்கு தலைக்கு மேலேயே பறந்து போனது. அதைக்கூடக் காட்டவில்லை. லேசாகத் தூறல் விழுந்தது.

“தங்கச்சி, நனையுது பாருங்க. இங்கிட்டுத் தள்ளி ஒக்காருங்க” என்றார்.

இத்தனை நேரம் மேடம், இப்போது தங்கச்சி. எனக்குச் சுருக்கென்றது. என்ன திடீர் உறவு என்று மனசுக்குள் நொடித்துக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

“இன்னும் உள்ள போகலாமா?” என்று நான்தான் கேட்டேன்.

“தண்ணி வத்த ஆரம்பிச்சிருச்சு தங்கச்சி. திரும்பணும்.” கழியை ஊன்றி ஆழம் பார்த்தார். “சரி, போவோம். பாத்துக்கலாம்.”

ஆறு ஒடுங்கி ஓடையாகிவிட்டது. இரண்டு கரைக் கிளைகளும் தலைக்கு மேல் ஒன்றையொன்று தொட்டன. பகல் பன்னிரண்டு மணிக்கு விளக்கு வைக்கிற நேரம் மாதிரி இருட்டு. துடுப்பிலிருந்து சொட்டும் தண்ணீர்ச் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. எனக்கு என் வீட்டுக்காரரிடம் இதைக் காட்ட வேண்டும் என்று இருந்தது. படகில் ஏறும்போதே தம்பி என் போனை வாங்கிப் பையில் போட்டிருந்தான்.

“முருகேசா, என் போனக் குடு. அவருக்கு ஒரு போட்டோ அனுப்பணும்.”

“தண்ணியில விழுந்துரும்க்கா. பையில பத்திரமா இருக்கு.”

“அப்ப கலா, ஒன் போன்ல எடு. டவர் வந்தோன்ன அனுப்பிரு. அவருக்கும் டவர் இல்ல, நமக்கும் டவர் இல்ல. பொருத்தம்தான்.”

கலா போட்டோ எடுத்தாள். அது இன்னும் அவள் போனில்தான் இருக்கிறது. நான் கேட்டதில்லை. அவளும் காட்டியதில்லை.

சேறு

திரும்பும்போது படகு தரைதட்டி நின்றுவிட்டது. தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் இறங்கியிருந்தது. மாரிமுத்து குதித்தார். தொடை வரை சேற்றில் புதைந்தபடி படகைத் தள்ளினார். தம்பியையும் இறங்கச் சொன்னார். தேய்த்துப் போட்ட பேன்ட்டோடு அவன் இறங்கினான், ஒரு காலை எடுக்க மறுகால் புதைய, அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான்.

நான் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். கலாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

“பயந்துட்டியா? கிறுக்கி, இடுப்பளவுதான் தண்ணின்னு அவருதான் சொன்னாருல்ல” என்று அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். நான் அவளைத் தேற்றினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

கரை ஏறிக் காருக்கு நடக்கும்போது திரும்பிப் பார்த்தேன். மாரிமுத்து வாளியில் தண்ணீர் மொண்டு, நான் உட்கார்ந்திருந்த பலகையை மட்டும் கழுவிக்கொண்டிருந்தார். ஊற்றி, தேய்த்து, மறுபடியும் ஊற்றி. சுத்தமான ஆள் என்று நினைத்தேன். இப்போது தெரியும். இழவு வீட்டுக்காரி உட்கார்ந்த பலகை அது. விடிந்தால் அவர் அதே படகில் கடலுக்குப் போக வேண்டும். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். தெரிந்த பிறகும் என்னை இறக்கிவிடாமல் உள்ளே கூட்டிப்போனாரே, அது பெரிது.

நாற்காலி வண்டி

இலுப்பூருக்குள் நுழையும்போது மாலை ஆகிவிட்டது. எங்களுக்கு முன்னால் ஒரு குட்டி லோடு வண்டி போனது. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி, பந்தல் கம்புகளைக் கட்டியிருந்தார்கள்.

“நம்ம பக்கம் யாரு வீட்டுல விசேஷம்?” என்று கேட்டேன்.

கலா ஜன்னல் கண்ணாடியை ஏற்றினாள். பந்தல்காரர் மத்தியானமே வந்திருக்க வேண்டியவராம். வேறொரு கல்யாணத்தில் நாற்காலி மாட்டிக்கொண்டதாம். இதெல்லாம் பிறகு தெரிந்தது. டிரைவருக்கு வண்டியை முந்திப் போவதா, நிறுத்துவதா என்று தெரியவில்லை. பின்னாலேயே மெல்லப் போனார். லோடு வண்டி எங்கள் தெருவில் திரும்பியது. நாங்களும் திரும்பினோம். அது எங்கள் வீட்டு வாசலில் நின்றது. ஒரு ஆள் இறங்கி, கயிற்றை அவிழ்த்து, முதல் நாற்காலியை எடுத்து வைத்தான்.

யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்த நாற்காலிதான் சொன்னது.

என்ன கத்தினேன், யார் பிடித்தார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. கொஞ்சம் தெளிந்தபோது உள்ளே பாயில் இருந்தேன். சுற்றிலும் பெண்கள். கலா என் காலடியில் இருந்தாள். “இன்னிக்கு ஒருநாளாச்சும் நெறைய வெச்சுக்கட்டும்னுதான் அண்ணி” என்று பூவைப் பற்றி என்னமோ சொல்லி அழுதாள். இப்போதும் நான் பூ வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போகிறேன். பேசுகிறவர்கள் பேசட்டும். ஆனால் மல்லிகை வைப்பதில்லை.

எனக்கு அப்போது ஒரே ஒரு விஷயம்தான் மண்டையில் ஓடியது. என் மகள் அபி. திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள்.

“அபிக்குச் சொல்லிட்டீங்களா?”

தம்பி தரையைப் பார்த்தான். “அப்பா ஊருக்கு வர்றாரு, கெளம்பி வான்னு சொல்லியிருக்கேன்க்கா. பஸ்ஸுல வந்துக்கிட்டு இருக்கு.”

அப்பா வருகிறார் என்று சொல்லியிருக்கிறான். பொய் இல்லை பாருங்கள். என்னைப் பூ வைத்துச் சிரிக்க வைத்தது போதாதென்று, என் பிள்ளையையும் அப்படியே கூட்டி வருகிறார்கள். அவளும் தெருமுனையில் வந்து நின்று நாற்காலியைப் பார்க்க வேண்டுமா?

“போனக் குடுடா.”

“அரை மணி நேரத்துல வந்துரும்க்கா. வந்தோன்ன பக்குவமா சொல்லிக்கலாம்.”

“என்னைய ஏமாத்துன மாதிரி எம்மகள ஏமாத்த விடமாட்டேன். குடு.”

பெண்கள் என் கையைப் பிடித்தார்கள். உதறிவிட்டுப் போனைப் பிடுங்கினேன்.

“அம்மா, அப்பா வந்துட்டாரா?” என்றாள் அபி, எடுத்ததும். குரலில் அவ்வளவு துள்ளல். பின்னால் கண்டக்டர், “விராலிமலை எறங்கு, விராலிமலை” என்று கத்துவது கேட்டது.

“அபி, அப்பா செத்துப் போயிட்டாருடி” என்றேன்.

அந்த வார்த்தையை அப்படியே சொன்னேன். முடியல என்று சொல்லவில்லை, சீரியஸ் என்று சொல்லவில்லை. அந்தப் பக்கம் பஸ் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு யாரோ ஒரு பெண், “ஏம்மா, என்னாச்சு பாப்பா?” என்று கேட்பது கேட்டது. அந்த அம்மாள்தான் இலுப்பூர் வரை வந்து, அவளை வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போனார்.

அபி சொன்னது

அந்த ஒரு காரியத்தைத்தான் அந்த நாளிலேயே நான் சரியாகச் செய்தேன் என்று எல்லாரிடமும் சொல்லி வந்தேன். கடைக்கு வருகிறவர்களிடம் சொன்னேன். தம்பியிடம் முகத்துக்கு நேராகச் சொன்னேன். “நீ என்கிட்ட மறச்ச. நான் எம்மககிட்ட ஒரு நிமிஷம்கூட மறைக்கல.” இப்போதும் நல்லது கெட்டதுக்கு மட்டும்தான் அவனோடு பேச்சு.

அபி படிப்பை முடித்து, வேலைக்குக் காத்திருந்த சமயம். ஒரு மத்தியானம் கடையில் என்னோடு உட்கார்ந்து கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு வாடிக்கையாளரிடம் நான் அதே கதையை அதே ரோஷத்தோடு சொல்லி முடித்தேன். அவர் போன பிறகு அபி தலையைத் தூக்காமல் பேசினாள்.

“அன்னிக்கு ஜன்னல் சீட் கெடச்சுதும்மா. அப்பா வந்தோன்ன என்ன கேக்கணும், எதுக்குச் சண்டை போடணும்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன். இந்தத் தடவ திரும்பப் போக விடக்கூடாதுன்னு முடிவு பண்ணியிருந்தேன்.”

நான் மெஷினை நிறுத்தினேன்.

“அதுக்குத்தாண்டி சொன்னேன். ஏமாந்து போயி வந்து நிக்கக்கூடாதுன்னு.”

“தெரியும்மா. நீ சொன்னது தப்புன்னு சொல்லல.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “விராலிமலை வரைக்கும்தான் எனக்கு அப்பா வந்தாரு. நீ இலுப்பூர் வரைக்கும் விட்டிருக்கலாம்.”